மலையில் முதலில் பிரேக்: நெடுநாள் கிடந்த ட்ரெயில் பைக்கை மறுபடி ஓடவைப்பது

வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்து மழையைப் போல மூன்று மடங்குக்கு மேல். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் காம்பராவுக்குள் தொங்கும் சட்டையில்கூட ஒரு வாரத்தில் பூசணம் பூத்துவிடும். அதனால், "அண்ணே, வண்டி பத்து வருசமா வீட்டுக்குள்ளதான் நின்னுச்சு, மழையில நனையவே இல்ல" என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால், நான் பேச்சை வளர்க்காமல் ஒயில் அடைப்பைக் கழற்றிப் பார்ப்பேன். பலமுறை ஒயில் பால் தேநீரின் நிறத்தில் இருக்கும். பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் என்ஜினுக்குள் போய்வந்த ஈரக்காற்று உள்ளே நீராய்ப் படிந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் இங்கேயே பிறந்தவன். தோட்டத்து கராஜில் தொழில் பழகி, இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறேன். கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் வருகிறவற்றில் பாதிக்குமேல் நெடுநாள் ஓடாமல் கிடந்தவைதான். காரணம் தெரிந்ததே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 எரிபொருள் நெருக்கடியில், கியூஆர் அட்டைக்கு வாரம் 4 லீற்றர் என்று வந்தபோது, வண்டியை மூடிவைத்துவிட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் ஏராளம். இப்போது அந்தப் போர்வைகளை விலக்கிப் பார்க்கிறார்கள்.

இன்னொரு வகை வண்டியும் வருகிறது. அது வன்னியிலிருந்து வருவது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. 1983க்குப் பிறகு இன்னும் பலர் போனார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலும் மெனிக் பாமும் கடந்து வந்தவர்களில் சிலர், மறுபடி தாய்வழிச் சொந்தத்தைத் தேடி இந்த மலைக்கே ஏறி வந்தார்கள். அவர்களோடு வந்த பொருள்கள் குறைவு. முள்ளிவாய்க்கால் கரையில் மோட்டார் சைக்கிள்களும் பஸ்களும் உழவு இயந்திரங்களும் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்ததை நேரிலோ படத்திலோ பார்க்காதவர்கள் இதை வாசிப்பவர்களில் அநேகமாக இருக்கமாட்டீர்கள். ஆகவே, வெளியே எங்கேயோ தப்பிக் கிடந்த ஒரு வண்டி பிறகு கைக்கு வந்தால், அதைச் சாமான் என்று மட்டும் பார்க்க அந்த வீட்டால் முடியாது.

அப்படி ஒன்று சென்ற ஆண்டு வந்தது. ஹொண்டா எக்ஸ்எல் 125, பழைய வண்டி. அதன் சொந்தக்காரர் ஓமந்தை வழியாக வவுனியாவுக்கு வந்தபோது, தங்கையின் வீட்டில் விட்டுவிட்டு, "அடுத்த மாதம் வந்து எடுக்கிறன்" என்று வன்னிக்குள் திரும்பியவர். 2009 மேக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. தங்கை அந்த வண்டியை விற்கவில்லை. அவருடைய மனைவி இப்போது வட்டவளையில் கொழுந்து பறிக்கிறார். மகனுக்குப் பக்கத்து டிவிசனில் வேலை. விடிய முன்னர் போய்ச் சேர வேண்டும், அந்த நேரத்தில் பஸ் இல்லை. லொறியில் ஏற்றி வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இது ஸ்டார்ட் ஆகுமா?"

எல்லோரும் கேட்கிற கேள்வி அதுதான். ஆனால் மலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதைவிட நிற்பது முக்கியம். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ என்ஜினை ஓடவைத்து, வீதியில் ஒரு சுற்றுப் போய்ப் பிறகு பிரேக்கைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே கையை எடுத்தால் வண்டி தானாக நின்றுவிடும். இங்கே லயத்து வாசலைத் தாண்டினால் இறக்கம். வட்டவளையிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் திரும்பினால் தொடர்ந்து இறக்கம்தான். எனவே நான் பிரேக்கில் தொடங்குகிறேன், என்ஜின் பிறகு.

எக்ஸ்எல் போன்ற பழைய வண்டிகளில் இரண்டு சில்லுக்கும் டிரம் பிரேக். சில்லைக் கழற்றி உள்ளே பாருங்கள். லைனிங் தடிப்பாக, புதிது போலவே தெரியும். அதை நம்பக்கூடாது. உலோகத்தோடு அதை ஒட்டிய பசை வருடக்கணக்கான ஈரத்தில் விட்டுப்போயிருக்கும். ஒரு ஸ்குரூ டிரைவர் முனையால் ஓரத்தை நெம்பிப் பார்த்தால் சில நேரம் முழுத் துண்டாகவே கையோடு வரும். ஓடும்போது அது கழன்று டிரம்முக்குள் மாட்டினால் சில்லு சடாரென்று இறுகும். அன்று அந்த வண்டியில் பின் பக்கம் அப்படித்தான் வந்தது. புதிய ஷூ ஒரு சோடி பெரிய செலவில்லை. பிரேக்கை விரிக்கும் கேம் துருவேறி இறுகியிருந்தால் கழற்றிக் கழுவி, மெல்லிசாக கிறீஸ் பூசுங்கள், லைனிங்கில் படாமல். கேபிளின் வெளி உறை நன்றாக இருந்தாலும் உள்கம்பி இழை இழையாக அறுந்திருக்கலாம். கேபிளை மட்டும் எப்போதும் புதிதாகவே போடச் சொல்வேன்.

சற்றுப் பிந்திய வண்டிகளில், அதாவது யமஹா செரோ, சுசுகி ஜெபல், ஹொண்டா பாஹா போன்றவற்றில், டிஸ்க் பிரேக் இருக்கும். அதில் ஓடும் பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கலந்த ஒயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால், லீவர் கைப்பிடிவரை வெறுமனே வந்து படும், வண்டி நிற்காது. பழையதை முழுவதும் இறக்கிவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். பாதி பாவித்து வைத்திருந்த போத்தலை எடுக்காதீர்கள்; நம்மூர் ஈரத்தில் அதுவும் கெட்டிருக்கும்.

டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அந்த எக்ஸ்எல்லின் முன் டயரில் 0806 என்று இருந்தது. 2006 பெப்ரவரி. ஏ9 வீதி மூடப்படுவதற்கு ஆறு மாதம் முன்னர் செய்த டயர். பல்லு முழுவதும் இருந்தது, தேயவே இல்லை. மகன், "நல்ல டயர்தானே அண்ணே" என்றான். வளைத்துக் காட்டினேன்; பல்லுகளுக்கு இடையில் மயிரிழை வெடிப்புகள். றப்பர் இறுகிப்போனால் ஈரமான கொங்கிறீற் பாதையில் அது பிடிக்காது. டியூப்பையும் சேர்த்து மாற்றினோம்.

இனி பெற்றோல் டாங்கி. மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். பழைய பெற்றோல் வார்னிஷ் போலப் புளித்து மணக்கும். புதிய பெற்றோலை அதன்மேல் ஊற்றிக் கலந்தால் போதும் என்பது தவறான எண்ணம். முழுவதும் இறக்க வேண்டும். எங்கே வைத்து இறக்குகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். பக்கத்துக் காம்பராவில் விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும். லயங்கள் தீப்பிடித்து ஒரு வரிசையே எரிந்துபோன செய்தி ஒவ்வொரு வருடமும் வருகிறது. பெற்றோல் ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து போகும், கண்ணுக்குத் தெரியாது. இஸ்தோப்பில் வைத்துச் செய்யாதீர்கள். வெளியே, காற்றுப்படும் வெட்டையில், வீடுகளுக்குத் தூரமாக.

டாங்கிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் துரு தெரியும். இதற்குக் கடைக்காரர்கள் விலைகூடிய திரவங்கள் சொல்வார்கள். எனக்கு வினாகிரி போதும். டாங்கியைக் கழற்றி, டப்பையும் கழற்றி, ஓட்டையை றப்பர் அடைப்பால் இறுக்கி, வினாகிரியை நிரப்பி ஒன்று இரண்டு நாள் விடுங்கள். துரு தடித்திருந்தால் ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். போட்ட நட்டுகளை எண்ணி வையுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். வெளியே கொட்டியதும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நன்றாகக் காயவிட்டு, உடனே கொஞ்சம் ஒயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றிப் பூசிவிட வேண்டும். காயவைத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் நம்மூர்க் காற்றில் மறுநாளே செம்மஞ்சள் பூத்துவிடும். டாங்கியில் ஓட்டை இருந்தால் நேரே வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். காலியான டாங்கிதான் வெடிக்கும். உள்ளே தங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும்.

காபரேற்றரில் பொறுமை வேண்டும். அடிக்கிண்ணத்தைக் கழற்றினால், காய்ந்த பெற்றோல் மஞ்சள் பிசினாக ஒட்டியிருக்கும். உள்ளே இரண்டு பித்தளை ஜெட், சின்னதும் பெரியதும். சின்னதின் துளை ஊசிமுனையைவிடச் சிறியது. வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கைத் தள்ளியதும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் அந்தத் துளைதான் அடைத்திருக்கிறது. ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதீர்கள். பித்தளை மெது, துளை பெருத்துவிட்டால் பிறகு பெற்றோல் கணக்கு என்றைக்கும் சரிவராது. மின்சார வயருக்குள் இருக்கும் செப்பு இழை ஒன்றை எடுத்து விட்டுப் பாருங்கள், பிறகு காற்றடியுங்கள். செரோ போன்ற சில வண்டிகளின் காபரேற்றருக்குள் மெல்லிய றப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. அதைக் கழுவும் திரவத்தில் போட்டால் ஊதிக் கெட்டுவிடும். தனியே எடுத்து வையுங்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று. அங்கே இப்போது பெற்றோலில் 20 சதவீதம் எத்தனோல். எத்தனோல் ஈரத்தை இழுக்கும், பழைய றப்பர் குழாய்களை அரிக்கும். ஒரு பருவமழை முழுவதும் வண்டியை நிறுத்தப்போகிறீர்கள் என்றால் காபரேற்றர் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

வடக்கிலிருந்து வரும் பழைய வண்டிகளில் வேறொரு தடயம் காண்பேன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி ஸ்டார்ட் ஆக்கிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஜப்பானியத் தபால்காரர்களுக்காகச் செய்த எம்டி 90 அந்தக் காலத்தில் அங்கே எத்தனை குடும்பங்களைச் சுமந்தது என்பது வாசகர்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படி ஓடிய என்ஜினைத் திறந்தால் பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி தடிப்பாக ஏறியிருக்கும். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்திருக்கும். அதனால் பெயரிங்கும் தேய்ந்திருக்கும். அந்த வண்டிகளைத் திறந்து பார்க்காமல் ஓட்டக்கூடாது. மண்ணெண்ணெயை இப்போது நான் பாகங்கள் கழுவத்தான் பாவிக்கிறேன்.

என்ஜினுக்கு வருவோம். பொடியன்கள் வண்டியை இறக்கியதும் செய்கிற முதல் காரியம் கிக்கரில் ஏறி மிதிப்பது. வேண்டாம். பல வருடம் ஒரே இடத்தில் நின்ற பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். மிதித்தால் ரிங் உடையும், இல்லாவிட்டால் சுவர் கீறும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு தேக்கரண்டி ஒயில் விட்டு, இரண்டு இரவு விடுங்கள். பிறகு பிளக் இல்லாமலே, மேல் கியரில் போட்டுப் பின் சில்லைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் இன்னும் ஒயில் விட்டு இன்னும் சில நாள். ஒரு வாரமாகியும் அசையாவிட்டால் சிலிண்டரைக் கழற்ற வேண்டியதுதான். பதினைந்து பதினாறு வருடம் காத்த வண்டிக்கு ஒரு வாரம் பெரிதில்லை என்று அந்தப் பையனுக்கும் சொன்னேன். அவன் தினமும் மாலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஐந்தாம் நாள் சில்லு சுற்றியது.

பழைய ஒயிலை இறக்கிப் புதிது ஊற்றிய பிறகும் உடனே ஸ்டார்ட் ஆக்குவதில்லை. இந்த நான்கு ஸ்ட்ரோக் ஹொண்டாக்களில் கேம் தண்டு மேலே, ஹெட்டின் அலுமினியத்திலேயே நேரடியாகச் சுழல்கிறது. அங்கே ஒயில் ஏறாமல் ஓடினால் சில நிமிடத்தில் அந்த அலுமினியம் தின்னப்பட்டுவிடும். டப்பட் மூடிகளைக் கழற்றி மேலிருந்து கொஞ்சம் ஒயில் விட்டு, பிளக் இல்லாமல் முப்பது நாற்பது தடவை மெல்ல கிக் பண்ணுங்கள். அப்போதே வால்வுகள் மேலும் கீழும் தடையில்லாமல் போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

யமஹா டிடி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை வேறு. அவற்றில் ஒயிலைத் தனி டாங்கியிலிருந்து ஒரு சின்னப் பம்ப் இழுக்கிறது. வருடக்கணக்காக நின்றால் அந்தக் குழாயில் காற்று ஏறியிருக்கும். பம்ப் வேலை செய்கிறது என்று நிச்சயப்படும்வரை பெற்றோலிலும் கலந்துகொள்ளுங்கள்: ஒரு லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் 2டி ஒயில். இன்னொன்று, இறக்கத்தில் அக்சலரேட்டரை முழுதாக மூடிக்கொண்டு நெடுந்தூரம் வராதீர்கள். அக்சலரேட்டர் மூடியிருந்தால் ஒயிலும் குறைவாகவே போகும். என்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இடையிடையே ஒரு முறுக்கு கொடுங்கள். இந்த வண்டிகளில் என்ஜின் பிடித்து நிறுத்துவதும் குறைவு, ஆகவே முழுப் பாரமும் பிரேக்கில்தான்.

மின்சாரத்தில் அதிகம் சொல்ல இல்லை. பற்றரி செத்திருக்கும், புதிது வாங்குங்கள். கிக்கர் உள்ள பழைய ட்ரெயில் பைக்குகள் பல பற்றரி இல்லாமலே மேக்னெட்டோவில் ஸ்டார்ட் ஆகும். பொறி வரவில்லை என்றால் சிடிஐ பெட்டியைக் குற்றம் சொல்லமுன், கைப்பிடியில் உள்ள ஓஃப் சுவிட்சைத் திறந்து துருவைச் சுரண்டுங்கள். எலி கடித்த வயரையும் தேடுங்கள். எயார் பில்டர் பெட்டிக்குள் எலிக் கூடும், சைலன்சர் வாய்க்குள் மண் குளவியின் கூடும் அடிக்கடி கண்டிருக்கிறேன். மலையில் குளவி என்றால் நமக்குத் தெரியும். கையை விடாமல் முதலில் ஒரு குச்சியை விடுங்கள்.

அந்த எக்ஸ்எல் எட்டாவது கிக்கில் பிடித்தது. சிலிண்டரில் விட்ட ஒயில் எரிந்து வெள்ளைப் புகை கொட்டகையை மூடியது. பத்து நிமிடத்தில் தெளிந்தது. புகை நீலமாகத் தொடர்ந்து வந்திருந்தால் ரிங்கோ வால்வு சீலோ போய்விட்டது என்று அர்த்தம். அக்கா கொட்டகைக்கு உள்ளே வரவில்லை. வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். டாங்கிக்குப் புதிய பெயின்ற் அடிக்கட்டுமா என்று மகன் கேட்டதற்கு, "அப்பா அடிச்ச கலர், இருக்கட்டும்" என்றார்.

முதல் ஓட்டம் ஏற்றத்தில் போகட்டும். வட்டவளையில் என்றால் ரொசெல்லப் பக்கம். ஏறிப் போனால் என்ஜின் பாரத்தை இழுக்கிறதா என்று தெரியும். பிரேக்கை மெதுவான வேகத்தில் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்க்கலாம். திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியர். வந்து நிறுத்தியதும் டிரம்மைத் தொட்டுப் பாருங்கள்: கை வைக்க முடியாத சூடென்றால் ஷூ உரசுகிறது. செயினின் ஒவ்வொரு கண்ணியும் மடங்குகிறதா, முன் சொக்கில் ஒயில் வடிகிறதா என்றும் பாருங்கள். 100 கிலோமீற்றர் ஓடியதும் ஒயிலை மறுபடி மாற்றுங்கள். உள்ளே கரைந்த துரு அதோடு வரும்.

வண்டி ஓடினாலும் வீதிக்கு இறங்கப் பத்திரம் வேண்டும்: வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனை. சொந்தக்காரர் இல்லாத வண்டியில் இந்த இடத்தில்தான் குடும்பங்கள் சோர்ந்துபோகின்றன. மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம் என்று பலரும் சொல்வார்கள். எடுக்க மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். அந்த அக்காவும் எடுக்கவில்லை. 2016இல் வந்த 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் கீழ், காணாமல்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அதையும் பதிவுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். போகமுன் வண்டியில் என்ஜின் இலக்கத்தையும் சேஸிஸ் இலக்கத்தையும் தேடிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய்யில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். அரத்தாலோ கிரைண்டராலோ தேய்க்காதீர்கள். இலக்கம் அழிந்தால் அந்த வண்டி யாருடையது என்று காட்ட வேறு ஒன்றும் இருக்காது.